விமானத்தில் அழும் குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுக்கலாமா?

நள்ளிரவு. தரைக்கு மேலே முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் ஒரு விமானம் பறந்துகொண்டிருக்கிறது. டில்லியில் ஏறியவர்கள் நியூயார்க்கில் இறங்க இன்னும் பத்து மணி நேரம் ஆகும். விளக்குகளை அணைத்துவிட்டார்கள். பயணிகள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணயரும் நேரம். திடீரென்று "வீல்" என்று ஓர் அழுகை!

ஒன்றரை வயதுக் குழந்தை. தாய் தோளில் போட்டுத் தட்டிக் கொடுக்கிறாள். தந்தை தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் நடக்கிறார். அழுகை நிற்கவில்லை. முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். பின் வரிசையில் யாரோ "உச்" கொட்டுகிறார்கள். பக்கத்து இருக்கைப் பாட்டி மெல்லச் சொல்கிறார்: "ஏம்மா, கிளம்பும்போதே சளி மருந்து ஒரு ஸ்பூன் கொடுத்திருக்கக் கூடாதா? என் பேரனுக்கு அப்படித்தான் கொடுப்போம். ஊர் வந்து சேரும்வரை அசைய மாட்டான்."

கேட்பதற்கு எளிய வழியாகத்தான் தோன்றுகிறது. குழந்தையும் தூங்கும், பெற்றோரும் தூங்குவார்கள், மற்றவர்களுக்கும் நிம்மதி. நீண்ட விமானப் பயணத்துக்குக் கிளம்பும் பல பெற்றோர்களுக்கு இந்த யோசனை எழுகிறது. சிலர் செய்தும் பார்க்கிறார்கள்.

சரி, இது சரியான வழிதானா? அந்த ஒரு ஸ்பூன் மருந்து குழந்தையின் உடலுக்குள் போய் என்னதான் செய்கிறது? இதற்கு விடை காண நாம் வேதியியலையும், உடலியலையும், வகுப்பில் படித்த வாயு விதிகளையும் துணைக்கு அழைக்க வேண்டும். வாருங்கள், பார்ப்போம்.

அமைதி தரும் சிரப்

குழந்தையை மருந்து கொடுத்துத் தூங்க வைக்கும் பழக்கம் விமானத்தோடு பிறந்ததன்று. 1849 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 'திருமதி வின்ஸ்லோவின் அமைதி தரும் சிரப்' என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. பல் முளைக்கும்போது அழும் குழந்தைகளுக்கு என்று விளம்பரம் செய்தார்கள். தாய்மார்கள் விரும்பி வாங்கினார்கள். கொடுத்த சிறிது நேரத்தில் அழுகை நின்றது, குழந்தை உறங்கியது.

அந்தச் சிரப்பில் இருந்தது என்ன? அபினிலிருந்து எடுக்கப்படும் மார்பினும் ஆல்கஹாலும்! பல குழந்தைகள் அந்த உறக்கத்திலிருந்து எழவே இல்லை. 1906 இல் அமெரிக்காவில் உணவு, மருந்துச் சட்டம் வந்தது. மார்பின் போன்ற பொருள் கலந்திருந்தால் அதைச் சீட்டில் அச்சிட வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. 1911 இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்தச் சிரப்பைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையில் சேர்த்தது.

இன்றைய சளி மருந்தில் மார்பின் இல்லை. ஆகவே அதையும் இதையும் ஒன்றாகப் பேசுவது முறையன்று. ஆனால் அன்றைய தாய்மார்கள் செய்த அதே தவற்றை நாமும் செய்யக்கூடும். அழுகை நின்றவுடன் குழந்தை நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடுவதே அந்தத் தவறு.

சளி மருந்து தூக்கம் தருவது ஏன்?

நம் உடலில் ஹிஸ்டமின் என்றொரு வேதிப்பொருள் உண்டு. 1910 இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல், பாட்ரிக் லெய்ட்லா என்ற இருவர் அதன் செயல்களை விரிவாக ஆராய்ந்தார்கள். ஒவ்வாத பொருள் ஒன்று உடலைத் தாக்கும்போது சில செல்கள் ஹிஸ்டமினை வெளிவிடுகின்றன. உடனே மூக்கு ஒழுகுகிறது, கண் அரிக்கிறது, தோல் தடிக்கிறது.

ஹிஸ்டமினைத் தடுக்க முடியுமா என்று பிரான்சில் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ந்தவர் டேனியல் போவே. 1937 இல் அவரும் ஆன்-மாரி ஸ்டாப் என்ற பெண் ஆராய்ச்சியாளரும் ஹிஸ்டமினை எதிர்க்கும் முதல் பொருளைக் கண்டறிந்தார்கள். அது மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சுத் தன்மை உடையதாக இருந்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. போவே 1957 இல் நோபல் பரிசு பெற்றார்.

1943 இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஜார்ஜ் ரிவெஷல் என்ற வேதியியலார் டைபென்ஹைட்ரமின் என்ற மருந்தை உருவாக்கினார். 1946 இல் அது மருந்துக் கடைகளுக்கு வந்தது. குளோர்பெனிரமின், புரோமெதசின் முதலியவை இதே இனத்து மருந்துகள். இருமல், சளி சிரப்புகள் பலவற்றில் இவற்றுள் ஏதேனும் ஒன்று இருக்கும்.

இவற்றைப் பூட்டுத் துளைக்குள் செருகிய பொய்ச் சாவி எனலாம். சாவி உள்ளே போகும், ஆனால் பூட்டைத் திறக்காது. உண்மைச் சாவியாகிய ஹிஸ்டமினும் உள்ளே போக முடியாது. மூக்கில் இந்த அடைப்பு நிகழ்ந்தால் ஒழுகல் குறைகிறது. நல்லதுதான். ஆனால் இந்த மூலக்கூறுகள் சிறியவை, கொழுப்பில் கரைபவை. ஆகவே இரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் எளிதில் நுழைந்துவிடுகின்றன.

மூளையில் ஹிஸ்டமினுக்கு என்ன வேலை? மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஹிஸ்டமினைச் சுரக்கும் நரம்புச் செல்களின் கூட்டம் ஒன்று உண்டு என்பது 1984 இல் தெளிவாயிற்று. நாம் விழித்திருக்கும்போது அவை மூளை முழுவதற்கும் "விழித்திரு, விழித்திரு" என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன, உறங்கும்போது ஓய்ந்துவிடுகின்றன. மருந்து இந்தச் செய்தியைத் தடுத்துவிடுகிறது. சளிக்கு மருந்து சாப்பிட்ட அப்பா நாற்காலியிலேயே சாமியாடுவதன் காரணம் இதுதான்!

ஆக, தூக்கம் என்பது இந்த மருந்தின் பக்க விளைவு. அந்தப் பக்க விளைவையே பயனாகக் கொள்ள நினைக்கிறார்கள் விமானத்தில் ஏறும் பெற்றோர்கள்.

டிராம் வண்டியில் கிடைத்த துப்பு

இந்த இனத்து மருந்துக்கும் பயணத்துக்கும் தொடர்பு ஏற்பட்ட கதை சுவையானது. 1947 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குத் தோல் தடிப்பு நோயோடு ஒரு பெண்மணி வந்தார். டாக்டர்கள் கேயும் கார்லினரும் டைபென்ஹைட்ரமினிலிருந்து செய்யப்பட்ட டைமென்ஹைட்ரினேட் என்ற புதிய மருந்தைக் கொடுத்தார்கள். டிராம் வண்டியில் ஏறினாலே குமட்டும் வழக்கமுள்ளவர் அந்தப் பெண்மணி. மருந்து சாப்பிட்ட நாளில் குமட்டவில்லை என்று வந்து சொன்னார்.

டாக்டர்கள் இதை அலட்சியம் செய்யவில்லை. 1948 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்பட்ட ஒரு படைக் கப்பலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களிடையே இந்த மருந்தைச் சோதித்தார்கள். கொந்தளிக்கும் அட்லாண்டிக் கடலில் அது நல்ல பலன் தந்தது. இன்றும் பயணக் குமட்டலுக்கு இந்த மருந்து பயன்படுகிறது.

ஆனால் சோதனைக்கு உள்ளானவர்கள் யார்? திடகாத்திரமான இளைஞர்கள். நோக்கம் என்ன? குமட்டலை நிறுத்துவது. ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூங்க வைப்பது அன்று. ஒருவருக்கு ஒரு காரியத்துக்குப் பயன்பட்ட மருந்து, இன்னொருவருக்கு இன்னொரு காரியத்துக்கும் பயன்படும் என்று எண்ணுவது விஞ்ஞான முறை ஆகாது. தனியே சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதித்தபோது என்ன தெரிந்தது?

அப்படி ஒரு சோதனையும் நடந்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2006 இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். இரவில் அடிக்கடி விழித்து அழும் 44 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். வயது 6 மாதம் முதல் 15 மாதம் வரை. அவர்களை 22 பேர் கொண்ட இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு வாரம் இரவில் டைபென்ஹைட்ரமின் கொடுக்கப்பட்டது. மற்றக் குழுவுக்கு மருந்தே இல்லாத போலி மருந்து. எந்தக் குழந்தைக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது.

முடிவு என்ன என்று ஊகியுங்கள் பார்ப்போம்!

உண்மை மருந்து பெற்ற 22 குழந்தைகளில் தூக்கம் மேம்பட்டது ஒரே ஒரு குழந்தைக்கு. போலி மருந்து பெற்ற 22 பேரில் மூவருக்கு மேம்பட்டது! மருந்தால் பயன் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

44 குழந்தைகள் என்பது சிறிய எண்ணிக்கைதான். அவர்கள் வீட்டில் இருந்தார்கள், விமானத்தில் அல்ல. என்றாலும் "கொடுத்தால் கட்டாயம் தூங்கும்" என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை என்பதை இது காட்டிவிட்டது.

இன்னொரு விந்தையும் உண்டு. சில குழந்தைகளுக்கு இந்த மருந்து நேர்மாறாக வேலை செய்கிறது. தூங்குவதற்குப் பதிலாகக் குழந்தை பரபரப்படைகிறது, துள்ளுகிறது, ஓயாமல் அழுகிறது. எந்தக் குழந்தைக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பதினைந்து மணி நேரப் பயணத்தின் தொடக்கத்தில் இது நேர்ந்தால் பெற்றோர் நிலையை எண்ணிப் பாருங்கள்!

உறக்கம் வேறு, மயக்கம் வேறு

மருந்து வேலை செய்து குழந்தை கண்ணை மூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது தூக்கமா?

தூக்கம் என்பது விளக்கை அணைப்பது போன்றதன்று. 1953 இல் சிகாகோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். தூங்குபவரின் கண்கள் மூடிய இமைகளுக்குள் சில வேளைகளில் விரைவாக அசைகின்றன, அப்போது மூளை சுறுசுறுப்பாக இருக்கிறது, கனவுகள் தோன்றுகின்றன. பிறந்த குழந்தை தன் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதியை இந்த நிலையில்தான் கழிக்கிறது. வளரும் மூளைக்கு இந்த வேலைகள் தேவை. பழைய ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் இந்தக் கனவுத் தூக்கத்தைக் குறைக்கின்றன.

இயல்பான தூக்கத்தில் உடலின் காவற்காரர்கள் விழித்தே இருக்கிறார்கள். மூச்சு சற்றே தடைப்பட்டால் குழந்தை தலையைத் திருப்பும், புரளும், விழித்து அழும். மருந்தின் மயக்கத்திலோ இந்தக் காவற்காரர்களும் சோர்ந்துவிடுகிறார்கள். 1985 இல் பெல்ஜிய ஆராய்ச்சியாளர்கள் நலமான சில கைக்குழந்தைகளுக்குப் புரோமெதசின் கொடுத்துத் தூக்கத்தைப் பதிவு செய்து பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சு சிறிது நேரம் நின்று நின்று வருவது அதிகரித்திருந்தது.

இது வெறும் ஆய்வுக்கூடச் செய்தியாக நிற்கவில்லை. புரோமெதசின் கொடுக்கப்பட்ட சில குழந்தைகள் மூச்சு அடங்கி இறந்தன. ஆகவே இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று 2004 இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் மருந்துச் சீட்டில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடச் செய்தது.

ஒரு சிறு கணக்கு

பெரியவர்கள் தாங்கிக்கொள்வதைக் குழந்தை ஏன் தாங்கவில்லை? குழந்தை, அளவில் குறைந்த பெரியவர் அன்று. அதன் உடலமைப்பே வேறு.

குழாயின் வழியே காற்றோ நீரோ சீராகச் செல்லும்போது ஏற்படும் தடை, குழாயின் ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் தடை இரு மடங்கு ஆவதில்லை. பதினாறு மடங்கு ஆகிறது!

குழந்தையின் மூச்சுப் பாதையில் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஆரம் 2 மி.மீ. சளியாலும் வீக்கத்தாலும் உட்சுவர் சுற்றிலும் 1 மி.மீ. தடித்துவிட்டது. இப்போது ஆரம் 1 மி.மீ. தடை 16 மடங்கு. பெரியவருக்கு அதே இடம் 8 மி.மீ. விட்டம் என்போம். ஆரம் 4 மி.மீ.; அதே வீக்கத்தால் 3 மி.மீ. ஆகிறது. நான்கின் நான்காம் படி 256; மூன்றின் நான்காம் படி 81. வகுத்துப் பாருங்கள். தடை சுமார் 3 மடங்குதான்.

இதோடு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குழந்தை பெரியவரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவிடுகிறது. தலையும் பெரிது. உட்கார்ந்த நிலையில் மயங்கினால் தலை முன்னால் சாய்ந்து, முகவாய் மார்பில் படிந்து, மூச்சுப் பாதை மேலும் குறுகிவிடுகிறது.

இனி விமானத்தின் நிலையைப் பார்ப்போம். விமானத்துக்குள் தரையில் இருப்பதுபோன்ற காற்றழுத்தம் இருப்பதில்லை. சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமேல் இருக்கும் அழுத்தமே இருக்கிறது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆக, விமானத்தில் அமர்ந்திருப்பவர் காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை ஊட்டியில் அமர்ந்திருக்கிறார்! அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். நலமான குழந்தைக்கு இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. சற்றுக் கூடுதலாக மூச்சு வாங்கிச் சரிசெய்துகொள்ளும். அப்படிச் சரிசெய்யும் ஆற்றலைத்தான் மருந்து மந்தப்படுத்துகிறது.

ஒரு ஸ்பூன் என்றால் எவ்வளவு?

பாட்டி "ஒரு ஸ்பூன்" என்றாரே, எந்த ஸ்பூன்? மருத்துவர்கள் கணக்கில் ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர். கிரேக்க நாட்டில் வீடுகளிலிருந்து தேக்கரண்டிகளைச் சேகரித்து அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2010 இல் வெளிவந்தது. மிகச் சிறியது 2.5 மி.லி. கொண்டது, மிகப் பெரியது 7.3 மி.லி. கொண்டது! அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இந்த வேறுபாடு பெரிதன்று. பத்துக் கிலோ குழந்தைக்கு அது பெரிய வேறுபாடு.

நீங்களும் செய்து பாருங்கள். மருந்துப் புட்டியோடு வரும் அளவு மூடியில் 5 மி.லி. தண்ணீர் எடுத்து, உங்கள் வீட்டுக் கரண்டிகள் ஒவ்வொன்றிலும் ஊற்றிப் பாருங்கள். சிலவற்றில் வழியும், சிலவற்றில் பாதிதான் நிறையும்.

வேறொரு பிழையும் நேர்வதுண்டு. சளிக்கு ஒரு சிரப், குமட்டலுக்கு வேறொரு சிரப் என்று கொடுப்பார்கள். பெயர்கள் வெவ்வேறு, உள்ளே இருப்பது ஒரே இனத்து மருந்தாக இருக்கும். குழந்தை அறியாமலேயே இரட்டை அளவு பெற்றுவிடும்.

இத்தகைய ஆபத்துகளை எண்ணித்தான், 2008 இல் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கடையில் தாமாக வாங்கும் இருமல், சளி மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க அரசு அறிவுறுத்தியது. அதே ஆண்டில் அங்குள்ள மருந்துத் தயாரிப்பாளர்கள், குழந்தையைத் தூங்க வைப்பதற்காக இதைக் கொடுக்காதீர்கள் என்று சீட்டிலேயே அச்சிட முன்வந்தார்கள். நம் நாட்டிலும் 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று சீட்டில் அச்சிட வேண்டுமென மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி உத்தரவிட்டார்.

குழந்தை அழுவது ஏன்?

இவ்வளவு நேரம் அழுகையை நிறுத்துவது பற்றியே பேசினோம். குழந்தை ஏன் அழுகிறது என்று யாரும் கேட்கவில்லையே! பசி, ஈரத்துணி, களைப்பு, புதிய இடம் முதலிய காரணங்கள் இருக்கலாம். விமானத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. அதுதான் காதுவலி.

இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை. அடுத்த முறை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனால், அங்கே ஒரு காலி பிளாஸ்டிக் தண்ணீர் புட்டியை இறுக மூடி எடுத்து வாருங்கள். மலையடிவாரத்துக்கு இறங்கியதும் பாருங்கள். புட்டி உள்ளே ஒடுங்கி நசுங்கியிருக்கும். மேலே அடைத்த காற்றின் அழுத்தம் குறைவு. கீழே வெளிக்காற்றின் அழுத்தம் அதிகம். பாயில் விதி கண்ணெதிரே வேலை செய்கிறது!

நம் நடுச்செவியும் இப்படி ஒரு காற்றறைதான். அதன் ஒரு பக்கச் சுவர் செவிப்பறை. விமானம் இறங்கும்போது வெளியழுத்தம் கூடுகிறது, செவிப்பறை உள்ளே இழுபடுகிறது, வலிக்கிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் திறந்தால் காற்று உள்ளே போய் அழுத்தம் சமமாகிவிடும். அந்தக் குழல் எப்போது திறக்கும்? நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும். குழந்தைகளுக்கு இந்தக் குழல் குறுகலானது, படுக்கைவாட்டில் இருப்பது. ஆகவே எளிதில் திறப்பதில்லை.

இப்போது மருந்தை நினைத்துப் பாருங்கள். மயங்கிய குழந்தை அடிக்கடி விழுங்குமா? விழுங்காது. போதாக்குறைக்கு இந்த மருந்து வாயை உலர வைத்து எச்சிலையும் குறைக்கிறது. அதாவது வலியைத் தீர்க்கும் இயற்கை வழியையே அது அடைத்துவிடுகிறது. வலி உள்ளே இருக்கிறது; "வலிக்கிறது" என்று சொல்லும் அழுகை மட்டும் அடங்கிவிட்டது.

மருத்துவமனையில் கொடுக்கிறார்களே!

"ஸ்கேன் எடுக்கும்போது குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கிறார்களே, அது மட்டும் சரியா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே குழந்தையை எடை போட்டு அளவைக் கணக்கிடுகிறார்கள். முன்னதாக வயிற்றைக் காலியாக வைக்கச் சொல்கிறார்கள். விரலில் ஒரு கருவியை மாட்டி இரத்தத்திலுள்ள ஆக்சிஜனைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். மூச்சு தடுமாறினால் உதவப் பயிற்சி பெற்றவர் அருகிலேயே நிற்கிறார். குழந்தை நன்றாக விழிக்கும்வரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. விமானத்தில் இவற்றில் எது இருக்கிறது? இருட்டில், போர்வைக்குள், களைத்துத் தூங்கும் பெற்றோரின் மடியில் குழந்தை கிடக்கிறது. அது நலமாகத் தூங்குகிறதா, மூச்சுக்குத் திணறுகிறதா என்று யார் பார்ப்பது?

என்னதான் செய்வது?

பெற்றோர் பக்கமும் நியாயம் உண்டு. பதினைந்து மணி நேரம் அழும் குழந்தையோடு அமர்ந்திருப்பது சிறிய துன்பமன்று. பயணக் குமட்டல் கடுமையாக உள்ள சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு மருத்துவர்கள் சில வேளைகளில் மருந்து எழுதித் தருவதும் உண்டு. அந்தக் குழந்தையைப் பார்த்து, எடை பார்த்து, நோயைப் பார்த்துத் தரும் மருந்து அது. பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன ஸ்பூன் கணக்கு அன்று.

மற்றவர்களுக்கு மருந்தில்லா வழிகளே ஏற்றவை. குழந்தை வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஒட்டிப் புறப்படும் விமானமாகப் பார்க்கலாம். விமானம் இறங்கத் தொடங்கும்போது தாய்ப்பாலோ, பாட்டில் பாலோ, தண்ணீரோ கொடுக்கலாம். உறிஞ்சி விழுங்க விழுங்கக் காதுக் குழல் திறக்கும். இறங்குவதற்கு அரை மணி முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும். சளி பிடித்திருந்தால் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. பழகிய போர்வை, பழகிய பொம்மை, பார்க்காத புதிய பொம்மை ஒன்று, நடைபாதையில் நாலு முறை உலாவல் ஆகியவையும் உதவும். இவற்றையெல்லாம் செய்தும் குழந்தை சிறிது அழலாம். அழட்டுமே! அழுகையால் யாருக்கும் மூச்சு நின்றுவிடப் போவதில்லை.

மாணவர்களே, மீண்டும் அந்த நள்ளிரவு விமானத்துக்கு வருவோம். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும் பார்வையும், பின் வரிசையின் "உச்" ஒலியும்தான் பல பெற்றோர்களை மருந்துப் புட்டியின் பக்கம் தள்ளுகின்றன. அந்தச் சளி சிரப்பை இருமல் உள்ள குழந்தைக்காக அவர்கள் தேடவில்லை. நம்முடைய முகச் சுளிப்புக்காகத் தேடுகிறார்கள். மருந்தைச் சாப்பிடுவது குழந்தை. பயன் அடைவது மற்றவர்கள். வேண்டாம் என்று சொல்லவும் அதற்கு வாய் இல்லை.

நாளை நீங்களே அந்தப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கலாம். விமானம் இறங்கும் நேரமாக இருந்தால் அந்தத் தாயிடம் மெல்லச் சொல்லுங்கள்: "அக்கா, காது அடைத்திருக்கும். கொஞ்சம் பால் கொடுத்துப் பாருங்கள்."